சாலையில் ஓடும் எஞ்சினுக்குக் கேம் ஷாஃப்டும் டாப்பெட்டும் தேர்ந்தெடுக்கும் முறை

தன் மேலுள்ள மேடுகளால், அதாவது லோப்களால், எஞ்சினின் வால்வுகளைத் திறக்கும் தண்டுதான் கேம் ஷாஃப்ட். அதைத் தேர்ந்தெடுப்பது என்றால், பெட்ரோல்-காற்றுக் கலவையை உள்ளே விடும் இன்லெட் வால்வு எந்த இடத்தில் மூட வேண்டும் என்று முடிவு செய்வதுதான். வால்வு எவ்வளவு உயரம் திறக்கிறது, எத்தனை டிகிரி திறந்திருக்கிறது, ஐடிலிங்கில் எஞ்சின் எப்படி உறுமுகிறது என்பவையெல்லாம் அந்த முடிவுக்குப் பின்னால் வர வேண்டியவை. ஆனால் பெங்களூரு ஜே.சி. ரோட்டுக் கடைகளில் கேம் வாங்க நிற்பவர்களின் பேச்சைக் கேட்டால், பெரும்பாலும் உறுமலில்தான் தொடங்குகிறது. வண்டி எந்தச் சாலையில், எந்த வேகத்தில், எத்தனை நேரம் ஓடப்போகிறது என்ற கேள்வி கடைசியில் வந்தால் உண்டு.

இங்கே சொல்லப்படுபவை முக்கியமாகப் புஷ் ராட் எஞ்சின்களுக்கு, அதாவது கேம் கீழே இருந்து டாப்பெட்டையும் புஷ் ராடையும் ராக்கரையும் வரிசையாகத் தள்ளி வால்வைத் திறக்கும் எஞ்சின்களுக்குப் பொருந்தும். பழைய வார்ப்பிரும்பு புல்லட், அதற்குப் பின் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூடாக வந்த யூ.சி.இ. புல்லட், 1489 சி.சி. அம்பாசிடர், 1089 சி.சி. பிரீமியர் பத்மினி, ஆசைப்பட்டு இறக்குமதி செய்து வைத்திருக்கும் எட்டு சிலிண்டர் அமெரிக்க V8 ஆகியவை எல்லாம் இந்த வகைதான். அமெரிக்கப் பட்டியல்கள் லிஃப்டர் என்று குறிப்பிடும் பாகத்தை இங்கே டாப்பெட் என்றே எழுதுகிறேன். கேம் தலையில் அமர்ந்த எஞ்சின்களுக்கும் வால்வு நேரக் கணக்கு இதேதான்; டாப்பெட் பற்றிய பகுதி மட்டும் மாறும். இந்த ஊரின் செல்லப்பிள்ளையான யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. டூ ஸ்ட்ரோக்கில் கேமே கிடையாது.

எந்த ஆர்.பி.எம்.மில் ஓட்டுகிறீர்கள்

அல்சூர், லிங்கராஜபுரம் பக்கத்து ஒர்க் ஷாப்புகளில் அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் கேட்பது, "இழுவை வேணுமா சார், டாப் ஸ்பீடு வேணுமா?" என்பதுதான். இரண்டும் வேண்டும் என்று பதில் சொல்கிறவருக்கு எந்தக் கேமும் பொருந்தாது. ஏனென்றால் ஒரே லோப்பால் எல்லா வேகத்திலும் சிலிண்டரை நிரப்ப முடியாது.

பிஸ்டன் கீழே போய்த் திரும்பிய பிறகும் இன்லெட் வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கும். அதிக ஆர்.பி.எம்.மில் உள்ளே பாய்ந்து வரும் கலவைக்கு ஒரு வேகம் இருப்பதால், பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கினாலும் அது உள்ளே வந்துகொண்டே இருக்கும். அதனால் தாமதமாக மூடுவது லாபம். குறைந்த ஆர்.பி.எம்.மில் அந்த வேகம் இல்லாததால், அதே தாமதத்தில் பிஸ்டன் கலவையைத் திரும்பக் கார்புரேட்டரை நோக்கித் தள்ளிவிடும். சில்க் போர்டு சிக்னலிலும் ஹெப்பாள் மேம்பாலத்திலும் முதல், இரண்டாம் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டிக்கு இந்தத் தாமதம் முழுக்க நஷ்டம். ஞாயிறு விடியலில் நந்தி மலைக்கோ கிருஷ்ணகிரி வழியாகச் சென்னைக்கோ விரட்டும்போது மட்டும் அது லாபமாகத் திரும்பி வரும்.

இதை எண்ணில் பார்த்தால் தெளிவாக இருக்கும். 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 180 மி.மீ. கனெக்டிங் ராட், கலவையை ஒன்பதில் ஒரு பங்காக அழுத்தும் 9:1 கம்ப்ரெஷன் உள்ள ஓர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். கிராங்க் ஷாஃப்ட் சுழலும் டிகிரிக் கணக்கில் பிஸ்டன் அடியைத் தொட்டு 50 டிகிரி கழித்து இன்லெட் வால்வு மூடினால், கலவையை அழுத்துவதற்கு மீதமிருக்கும் ஸ்ட்ரோக் சுமார் 77 மி.மீ.; அதாவது உண்மையில் கிடைக்கும் கம்ப்ரெஷன் ஏறக்குறைய 7.9 மட்டுமே. அதே எஞ்சினில் 70 டிகிரி கழித்து மூடும் கேமைப் போட்டால் மீதம் 65 மி.மீ.தான்; கம்ப்ரெஷன் 6.8க்கு இறங்கிவிடும். பழைய 7.9ஐ மீட்க வேண்டுமென்றால் பிஸ்டனையோ ஹெட்டையோ மாற்றி, காகிதத்தில் எழுதும் கம்ப்ரெஷனை 10.4 அளவுக்கு உயர்த்த வேண்டும். இப்படித் தாமதமாக மூடும் பெரிய கேம் போட்ட பின் பிக்கப் போய்விட்டது என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த ஒரு கணக்கைப் போடாததால் வருவதே. கம்ப்ரெஷனைத் தொடப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தால், கேமையும் தயாரிப்பாளர் கொடுத்த மூடும் நேரத்திலிருந்து அதிகம் விலக்காதீர்கள்.

பெங்களூருக்கென்று ஒரு கூடுதல் கணக்கும் உண்டு. ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்குள்ள காற்றழுத்தம் சென்னையைவிடக் கிட்டத்தட்ட பத்து சதவீதம் குறைவு. எஞ்சின் ஏற்கெனவே குறைவாக மூச்சு வாங்கும் இடத்தில், தாமதமாக மூடும் கேம் அந்தக் குறையை இரட்டிப்பாக்கும். அந்தக் குறையை ஈடுகட்டக் கம்ப்ரெஷனை இஷ்டத்துக்கு ஏற்றிவிடலாமா என்றால், அதுவும் கூடாது. இங்கே நோக்கிங், அதாவது கலவை தானாக வெடித்துத் தட்டுவது, இல்லாமல் ஓடும் எஞ்சின், மலையிறங்கிச் சென்னை அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் போனதும் அடர்ந்த காற்றும் வெயிலும் சேர்ந்து நோக்கிங் செய்யத் தொடங்கலாம். நோக்கிங்கைத் தாங்கும் திறனைச் சொல்லும் ஆக்டேன் எண் பெட்ரோலின் வகைக்கு வகை மாறும். நூறு ஆக்டேன் பெட்ரோல் சில பம்புகளில் மட்டுமே கிடைக்கிறது. எப்போதும் கிடைப்பதை வைத்துத் திட்டமிடுவதே சரி.

ஓவர்லேப்பும் உறுமலும்

எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடிவதற்குள் இன்லெட் வால்வு திறக்கத் தொடங்கிவிடும். இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் இந்தக் காலமே ஓவர்லேப். இதைக் கணக்கிடுவது எளிது. இரு வால்வுகளின் டியூரேஷனையும், அதாவது திறந்திருக்கும் டிகிரிகளையும், கூட்டிப் பாதியாக்கி, அதிலிருந்து இரு லோப்களுக்கும் இடைப்பட்ட கோணத்தின் இரு மடங்கைக் கழிக்க வேண்டும். இரண்டுக்கும் 260 டிகிரி, இடைக்கோணம் 110 என்றால் ஓவர்லேப் 40 டிகிரி. இடைக்கோணத்தை 114 ஆக்கினால் 32 ஆகக் குறையும். 280 டிகிரி டியூரேஷனும் 108 இடைக்கோணமும் சேர்ந்தால் 64க்குப் போய்விடும். பலருக்குப் பிடித்த அந்தக் குதிக்கும் ஐடிலிங் சத்தம் இங்கிருந்துதான் வருகிறது. சாலையில் ஓடும் V8 எஞ்சின்களுக்குப் பொதுவாக 110 முதல் 114 வரையிலான இடைக்கோணமே தரப்படுகிறது. டிராஃபிக்கில் தினமும் ஓட்டுபவர் இதற்குக் கீழே போகத் தேவையில்லை என்பது என் கருத்து.

ஓவர்லேப் அதிகமானால் ஐடிலிங்கில் மேனிஃபோல்டு வேக்குவம் குறையும். வேக்குவம் பூஸ்டர் உள்ள காரில் பிரேக் பெடல் இறுகும் என்பதால் இது வெறும் சத்தப் பிரச்சினை அல்ல. மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துப் பெட்ரோலைக் கணக்கிடும் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் அதன் கணினியான ஈ.சி.யூ. குழம்பும். எரியாத கலவை நேராக சைலன்சருக்குப் போவதால் பி.யூ.சி. புகைச் சோதனையில் ஹைட்ரோகார்பன் அளவு ஏறும். தயாரிப்பாளரின் அசல் விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்வதையும், நம்பர் பிளேட்டோடு சாலையில் ஓட்டுகிறவர் கருத்தில் கொள்ள வேண்டும்.

பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் இந்த இடைக்கோணம் ஒரு ஷாஃப்டில் செதுக்கப்பட்டதல்ல. இன்லெட்டுக்கும் எக்ஸாஸ்டுக்கும் தனித்தனிக் கேம் சக்கரங்கள் இருப்பதால், பற்களின் மேலுள்ள புள்ளிகளைப் பொருத்தும் விதமே அதைத் தீர்மானிக்கிறது. ஒரு பல் தவறினால் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது வேறு கேம், எஞ்சினில் ஓடுவது வேறு கேம்.

கேம் கார்டைப் படிப்பது

கேமோடு ஓர் அளவுச் சீட்டு வர வேண்டும். வராத கேமை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நான் வாங்கச் சொல்ல மாட்டேன். சீட்டில் டியூரேஷன் எந்த உயரத்தில் அளக்கப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். அமெரிக்கக் கேம்களில் இரண்டு எண்கள் இருக்கும்: விளம்பரத்துக்கான பெரிய எண் ஒன்று, டாப்பெட் 1.27 மி.மீ. எழுந்த நிலையில் அளந்த சிறிய எண் ஒன்று. ஜப்பானிய, ஐரோப்பிய வழக்கில் 1 மி.மீ. உயரத்தில் அளப்பார்கள், அதையும் பல சமயம் டாப்பெட்டில் இல்லாமல் வால்வில். ஆகவே ஒரு சீட்டில் 230 என்றும் இன்னொன்றில் 240 என்றும் இருந்தால் இரண்டாவதுதான் பெரிய கேம் என்று சொல்லிவிட முடியாது. அளந்த இடமும் உயரமும் ஒன்றாக இருந்தால்தான் ஒப்பிடலாம். எஞ்சினின் கொள்ளளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், 5.7 லிட்டர் V8இல் சாதுவாக நடந்துகொள்ளும் டியூரேஷன் அம்பாசிடரின் ஒன்றரை லிட்டரில் முரட்டுத்தனம் காட்டும்.

வால்வு லிஃப்ட் என்பது லோப் லிஃப்டை ராக்கர் விகிதத்தால் பெருக்கி, வால்வு மூடியிருக்கும்போது விட்டுவைக்கும் டாப்பெட் இடைவெளியைக் கழித்தது. லோப் 6.5 மி.மீ., ராக்கர் 1.5, இடைவெளி 0.35 என்றால் வால்வுக்குக் கிடைப்பது 9.4 மி.மீ. இந்த எண்ணை வைத்துத்தான் ஸ்பிரிங்கைச் சோதிக்க வேண்டும்.

பீன்யா தொழிற்பேட்டையிலோ வேறெங்கோ பழைய கேமை மறுபடி கிரைண்டிங் செய்து லிஃப்டைக் கூட்டுவது நம் ஊரில் சகஜம். கெட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் லோப்பின் உச்சியில் உலோகத்தைச் சேர்க்க முடியாததால், லோப்பின் மேடில்லாத பகுதியான அடிவட்டத்தைத்தான் குறைக்கிறார்கள். அடிவட்டம் குறைந்த அளவுக்குப் புஷ் ராட் நீள வேண்டும். வார்ப்பிரும்பின் கெட்டிப் பரப்பும் அதே அளவு தேய்ந்து போயிருக்கும். கிரைண்டிங் முடிந்து வரும்போது லோப்பின் ஓரத்தில் ஓர் அரத்தை மெல்ல இழுத்துப் பார்க்கலாம்; அரம் வழுக்கிச் செல்ல வேண்டும், பிடித்துச் சுரண்டினால் அந்தக் கேம் நிற்காது.

டாப்பெட்

லோப்பின் வடிவத்தை முடிவு செய்யும் முன்பே டாப்பெட் எந்த வகை என்று முடிவாகியிருக்க வேண்டும். லோப்பின் மேல் உராயும் தட்டை முகமா உருளும் ரோலரா, உள்ளே ஆயில் நிரம்பும் ஹைட்ராலிக்கா திடமான சாலிடா என்ற இரண்டு கேள்விகள் இதில் உண்டு.

தட்டை முக டாப்பெட் பெயருக்குத்தான் தட்டை. பெரும்பாலான எஞ்சின்களில் அதன் அடிமுகம் நடுவில் 0.05 மி.மீ. அளவு புடைத்திருக்கும், லோப்பும் ஒரு பக்கமாக மிக லேசாகச் சாய்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்து டாப்பெட்டைத் தன் துளைக்குள் சுழல வைக்கின்றன. சுழன்றால் தேய்மானம் முகம் முழுவதும் பரவும். சுழலாமல் நின்றால் ஒரே கோட்டில் உராய்ந்து, சில நிமிடங்களிலேயே லோப்பைத் தின்றுவிடும். இரண்டு புதிய டாப்பெட்டுகளின் முகங்களை ஒன்றோடொன்று ஒட்டி விளக்கின் எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் தொட்டு, ஓரங்களில் மயிரிழை அளவு வெளிச்சம் தெரிய வேண்டும், விரலால் அசைத்தால் லேசாக ஆட வேண்டும். ஓடித் தேய்ந்தவற்றை அதேபோலப் பிடித்தால் வெளிச்சம் நடுவில் தெரியும். முகம் குழிந்துவிட்டது என்று அர்த்தம். சிவாஜி நகரின் பழைய பாகக் கடைகளில் பளபளவென்று துடைத்து வைத்திருக்கும் டாப்பெட்டுகளை இந்த ஒரு சோதனையிலேயே பிரித்துவிடலாம். எப்படியிருந்தாலும், புதிய கேமுக்குப் பழைய தட்டை டாப்பெட்டைப் போடவே கூடாது. பழைய கேமோடு அதே பழைய டாப்பெட்டுகளைத் திரும்பப் போடுவதாக இருந்தால், எது எந்த லோப்பின் மேல் இருந்ததோ அதே இடத்துக்குப் போக வேண்டும்.

தட்டை முகத்துக்கு ஓர் எல்லை உண்டு. வால்வை வேகமாகத் திறக்கும் லோப், டாப்பெட்டைத் தொடும் புள்ளியை நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்த்தும். ஷெவர்லே V8இன் 21.4 மி.மீ. டாப்பெட்டில், கேம் ஒரு டிகிரி சுழலும்போது எழும் உயரம் சுமார் 0.18 மி.மீ.யைத் தாண்டினால் தொடும் புள்ளி முகத்தைவிட்டே வெளியே போய், விளிம்பு லோப்பை உழத் தொடங்கும். ஃபோர்டின் 22.2 மி.மீ., கிரைஸ்லரின் 23 மி.மீ. டாப்பெட்டுகள் சற்றே வேகமான லோப்பைத் தாங்குவதற்குக் காரணம் இந்த விட்டம்தான். ஒரு வண்டிக்காகச் செய்த வேகமான லோப்பை வேறு வண்டியின் சிறிய டாப்பெட்டுக்குக் கீழே நகல் எடுக்கும்போது இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

ரோலர் டாப்பெட்டுக்கு இந்த எல்லை இல்லை. டியூரேஷனைக் கூட்டாமலேயே வால்வை வேகமாகவும் உயரமாகவும் திறக்கலாம் என்பதால், சாலை எஞ்சினுக்கு அது தரும் லாபம் ரேஸ் எஞ்சினுக்குத் தருவதைவிடப் பெரியது. ஷெவர்லே தன் சிறிய V8இல் 1987இல் ஹைட்ராலிக் ரோலருக்கு மாறியது. ஆனால் ரோலர் டாப்பெட் தன் துளைக்குள் சுழலக் கூடாது. அதைப் பிடித்துவைக்க இணைப்புப் பட்டையோ வழிகாட்டியோ வேண்டும், கேமும் ரோலருக்கான உலோகத்தில் செய்ததாக இருக்க வேண்டும், டிஸ்ட்ரிபியூட்டர் கியர் அந்த உலோகத்தோடு ஒத்துப்போக வேண்டும், கேம் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் ஏற்பாடும் தேவை. இத்தனையும் ஒரே செட்டாகக் கிடைக்கும் எஞ்சினுக்கு ரோலரே நல்லது. அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் நல்ல தட்டை டாப்பெட்டை வைத்துக்கொண்டு, மிச்சக் காசை ஹெட் வேலைக்குச் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

ஹைட்ராலிக் டாப்பெட் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும். சத்தமும் இராது, அடிக்கடி மூடியைத் திறக்கவும் வேண்டாம். உள்ளிருக்கும் பிளஞ்சர் பொதுவாக 0.5 முதல் 1.5 மி.மீ. வரை அழுந்தியிருக்குமாறு புஷ் ராட் நீளத்தையோ ராக்கரையோ அமைக்க வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்து அதிக ஆர்.பி.எம்.மில் வால்வு கேமைப் பின்தொடராமல் மிதந்தால், ஹைட்ராலிக் டாப்பெட் அந்த இடைவெளியை ஆயிலால் நிரப்பிக்கொள்ளும். பிறகு வால்வு முழுதாக மூடாது, சக்தி திடீரென்று அறுந்துபோகும். இதற்கு டாப்பெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை, ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும்.

சாலிட் டாப்பெட்டுக்கு இடைவெளி எவ்வளவு என்பதைக் கேமின் சீட்டே சொல்லும். வண்டியின் பழைய கையேட்டு எண் புதிய கேமுக்குச் செல்லாது. பழைய புல்லட்டில் புஷ் ராடை விரலால் சுழற்ற முடிய வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது என்ற வழக்கம் அசல் கேமின் ஏறுசரிவுக்காக, அதாவது லோப் எழத் தொடங்கும் சரிவுக்காக, சொல்லப்பட்டது; அதே பழக்கத்தில் வேறு கேமை இறுக்கினால், எஞ்சின் சூடானதும் எக்ஸாஸ்ட் வால்வு மூடாமல் எரிந்துபோகக்கூடும்.

அளந்து பார்த்துப் பூட்டுவது

புதிய லிஃப்டில் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றையொன்று முட்டுவதற்கு முன் குறைந்தது 1.5 மி.மீ. மீதமிருக்க வேண்டும். ஸ்பிரிங்கை மேலே பிடித்திருக்கும் ரிட்டெய்னருக்கும் வால்வு கைடுக்கும் இடையிலும் அதே அளவு. பிஸ்டன் மேல் களிமண்ணை ஒட்டி, ஹெட்டைப் பழைய கேஸ்கெட்டோடு பூட்டி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் திறந்து, களிமண் மிக மெலிந்த இடத்தை அளந்தால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி தெரியும். இன்லெட்டில் 2 மி.மீ., எக்ஸாஸ்டில் 2.5 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். பூட்டிய பிறகு டிகிரி வீலையும் டயல் கேஜையும் வைத்து இன்லெட் வால்வு மூடும் இடத்தைச் சீட்டோடு ஒப்பிடுங்கள். செயினிலும் சாவிப்பள்ளத்திலும் சில டிகிரி தவறியிருப்பது சாதாரணம். கேமை 4 டிகிரி முன்னுக்கு நகர்த்தினால் வால்வு அவ்வளவு சீக்கிரம் மூடி, கீழ் ஆர்.பி.எம். இழுவை கூடும், பெங்களூருக்கு அந்தப் பக்கம் தவறுவது பரவாயில்லை.

தட்டை டாப்பெட் எஞ்சினின் முதல் ஓட்டம் தனிக் கவனம் கேட்கும். லோப்களிலும் டாப்பெட் முகங்களிலும் மாலிப்டினம் பசை பூச வேண்டும். இரட்டை ஸ்பிரிங் இருந்தால் உள் ஸ்பிரிங்கைக் கழற்றி வைக்கலாம். கார் எஞ்சின்களில் லோப்புக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க் தெறிப்பதிலிருந்து வருவதால், ஸ்டார்ட் ஆனவுடன் 2000 முதல் 2500 ஆர்.பி.எம்.முக்கு ஏற்றி, சற்றே கூட்டிக் குறைத்து, இருபது முப்பது நிமிடம் ஐடிலிங்குக்கு விடாமல் ஓட்ட வேண்டும். ஆகவே பெட்ரோலும் டைமிங்கும் குளிர்விப்பும் முதல் சாவித் திருப்பலிலேயே சரியாக இருக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில் செய்கிற வேலை அல்ல இது. ஓடும்போது மூடியைத் திறந்து பார்க்க முடிந்தால், எல்லாப் புஷ் ராடும் மெல்லச் சுழல்கின்றனவா என்று பாருங்கள். சுழலாதது ஒன்று இருந்தாலும் உடனே நிறுத்திவிட வேண்டும்.

ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த தேய்மானத் தடுப்புச் சேர்க்கை போதிய அளவில், துத்தநாகம் 1000 முதல் 1400 பி.பி.எம். வரை, இருக்க வேண்டும். 2004இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். என்ற அமெரிக்க ஆயில் தரம், 5W-30, 10W-30 போன்ற மெல்லிய ஆயில்களில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. 20W-50 போன்ற கெட்டியான வகைகளுக்கு அந்த வரம்பு இல்லை. யூ.சி.இ. புல்லட்டில் எஞ்சினும் கிளட்சும் ஒரே ஆயிலில் ஓடுவதால் கிளட்ச் வழுக்காத ஆயிலுக்கான ஜாசோ எம்.ஏ. தரமுள்ளதைத்தான் ஊற்ற வேண்டும். பழைய வார்ப்பிரும்பு எஞ்சினில் கிளட்ச் தனி அறையில் இருப்பதால் அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

முதல் ஓட்டம் முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்து, மடிப்புகளைக் காந்தத்தால் தடவிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மெல்லிய பூச்சு இருந்தால் அது பசையும் தொடக்கத் தேய்மானமும். கண்ணுக்குத் தெரியும் இரும்புத் துகள்கள் இருந்தால் நல்ல அறிகுறி அல்ல. சாலிட் டாப்பெட் என்றால் சில நூறு கிலோமீட்டர் கழித்து இடைவெளிகளை ஒவ்வொன்றாக அளந்து குறித்துவையுங்கள். எல்லாமே ஒரே அளவுக்குச் சற்று மாறியிருந்தால் திரும்ப செட் செய்து ஓட்டலாம். ஒரே ஒரு வால்வில் மட்டும் இடைவெளி ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போனால் அந்த லோப் தேய்கிறது என்று பொருள். ஸ்குருவைத் திருகிச் சமாளிக்காமல், துகள்கள் பேரிங்குகளுக்குப் போய்ச் சேருவதற்குள் எஞ்சினைத் திறந்துவிட வேண்டும்.